ஆரஞ்சும் பட்டையும் சேர்ந்த குளிர்காலத் தேநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு சின்னக் கடையில் தேயிலை விற்கிறேன். டிசம்பர் பிறந்ததும் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலையோடு (குருணையாக்காமல் சுருட்டிக் காயவைத்த இலை) காய்ந்த ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, ஏலக்காய் சேர்த்து ஒரு கலவை தயாராகிவிடும். கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு கோப்பை போட்டுக் கொடுத்து, அவர்கள் குடித்து முடித்த பிறகுதான் பொட்டலத்தை எடுப்பேன். அந்தப் பத்து நிமிடத்தில் எழும் சந்தேகங்கள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

இது டீயா, இல்ல கஷாயமா?

டீதான். தேயிலைச் செடியின் கொழுந்து உள்ளே இருந்தால் டீ. சுக்கு, மல்லி, துளசி மட்டும் போட்டுக் கொதிக்க வைத்தால் கஷாயம். எங்கள் கலவையில் நூறு கிராமுக்கு எண்பது கிராமுக்கு மேல் தேயிலை. மற்றதெல்லாம் துணைக்கு வந்தவை. மாப்பிள்ளைத் தோழன் மாப்பிள்ளையை மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது அல்லவா, அதே கணக்குதான் இங்கேயும். கீழே நான் சொல்லப்போகும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்தையே சுற்றி வரும்.

அப்போ மசாலா டீயும் இதுவும் ஒண்ணுதானே?

உறவுதான், ஆனால் ஒன்றல்ல. மசாலா டீ கொதிக்கும் டீ. பால், சர்க்கரை, இஞ்சி, ஏலக்காய் எல்லாம் தூளோடு சேர்ந்து பாத்திரத்தில் பொங்கி வரும். அதற்கு ஏற்றது குருணையாக இருக்கும் சி.டி.சி. தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் அந்த இயந்திரம் 1930-களின் தொடக்கத்தில் அசாமில் வந்தது. கொஞ்சம் தூளிலேயே அடர்த்தியாக இறங்கும் என்பதால் பால் டீக்கு அதுவே நிலைத்துவிட்டது.

பழமும் மசாலாவும் சேர்ந்த பிளாக் டீ கொதிப்பதில்லை, ஊறுகிறது. பால் இல்லை. இஞ்சி முன்னே நிற்கும் இடத்தில் இங்கே ஆரஞ்சுத் தோல் நிற்கிறது. இந்தச் சேர்க்கை மேற்கில் பிரபலமானதற்கு ஒரு பெண் காரணம். ரூத் கேம்ப்பெல் பிகெலோ 1945-இல் நியூயார்க்கில் தன் வீட்டுச் சமையலறையில் ஆரஞ்சுத் தோலையும் இனிப்பு மசாலாக்களையும் பிளாக் டீயோடு கலந்து, 'கான்ஸ்டன்ட் கமென்ட்' என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார். அதைக் குடித்தவர்கள் ஓயாமல் அதைப் பற்றியே பேசினார்கள் என்பதால் அந்தப் பெயர். அந்த டீ இன்றும் விற்பனையில் இருக்கிறது.

ஏன் குளிர்காலத்துக்குன்னு சொல்றீங்க? வெயில் காலத்துல குடிச்சா ஆகாதா?

குடிக்கலாம், தடையில்லை. ஆனால் இந்தக் கலவையில் இருக்கும் பொருள்கள் எல்லாம் குளிர்காலத்தில்தான் ஒன்றுகூடுகின்றன. நாக்பூர் ஆரஞ்சு அப்போதுதான் கடைக்கு வந்து குவியும். ஐரோப்பாவிலும் ஆரஞ்சு குளிர்காலப் பழம்தான். ஜெர்மனியில் டிசம்பர் சந்தைகளில் ஆரஞ்சு, பட்டை, கிராம்பு போட்டுச் சூடாக்கிய ஒயின் விற்பார்கள். அந்த மணத்தைத் தேயிலைக்குள் கொண்டுவந்தது போன்றவைதான் அங்கே கிடைக்கும் பண்டிகைக் காலத் தேநீர்கள்.

எங்கள் மலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபர், நவம்பரில் நீர்ப்பனி. அதன் பிறகு டிசம்பர் கடைசியிலிருந்து உறைபனி. தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளி காலையில் வெள்ளையாகக் கிடக்கும். உறைபனி நேராகக் கொட்டினால் செடி கருகிவிடும், அது தோட்டக்காரருக்குப் பெரிய வலி. கருகாமல் தப்பிய செடிகள் குளிரில் மெதுவாகவே துளிர்க்கும். கொழுந்து குறைவாகக் கிடைக்கும், ஆனால் மணம் கூடியிருக்கும். பிப்ரவரி வரை கிடைக்கும் இந்த இலையைத்தான் 'ஃப்ராஸ்ட் டீ' என்று விற்கிறார்கள். பூ வாசம் உள்ள மெல்லிய இலை. ஆரஞ்சுத் தோலோடு சேர இதைவிடப் பொருத்தமானதை நான் குடித்ததில்லை.

குடிச்சா உடம்பு சூடாகுமா?

சூடான எதைக் குடித்தாலும் கொஞ்ச நேரம் கதகதப்பாக இருக்கும். பட்டையில் இருக்கும் சின்னமால்டிஹைடு, கிராம்பில் இருக்கும் யூஜெனால் இரண்டும் வாயிலுள்ள நரம்புகளைத் தூண்டி ஒரு காரத்தை, லேசான எரிவை உணரவைக்கும். அதைத்தான் நாம் 'சூடு' என்கிறோம். தெர்மாமீட்டரில் ஏறும் சூடு அல்ல. ஆனாலும் காலை ஆறு மணிக் குளிரில் அந்த உணர்வுக்கு இருக்கும் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வீட்ல இருக்கற டஸ்ட் டீயிலேயே போட்டா என்னங்க?

இது அதிகம் கேட்கப்படும் கேள்வி. என் பதில்: வேண்டாம். டஸ்ட் பொடியாக இருப்பதால் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிடும். ஆரஞ்சுத் தோலும் பட்டைத் துண்டும் அப்போதுதான் நனைந்து விரியத் தொடங்கியிருக்கும். அவற்றுக்காகக் காத்திருந்தால் டீ கசந்துபோகும். காத்திராமல் வடிகட்டினால் பழமும் மசாலாவும் சக்கையோடு போய்விடும்.

முழு இலையாகவோ, உடைந்த இலையாகவோ இருக்கும் ஆர்த்தடாக்ஸ் வகை நான்கு நிமிடம் நிதானமாக இறங்கும். தோலும் பட்டையும் அதே வேகத்தில் வரும். பாக்கெட்டில் ஓ.பி. (முழு இலை), பி.ஓ.பி. (உடைந்த இலை) என்று எழுதியிருப்பது இலையின் அளவைச் சொல்லும் குறிப்பு, தரத்தின் மதிப்பெண் அல்ல. நான் பி.ஓ.பி. எடுக்கிறேன். உடைத்த பட்டையும் நறுக்கிய தோலும் அதே அளவில் இருந்தால் டப்பாவில் பிரிந்து நிற்காது.

எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணி, எத்தனை நிமிஷம்?

குடிப்பதற்கு என்றால் 200 மில்லி தண்ணீருக்கு இரண்டரை கிராம் கலவை, நான்கு நிமிடம், மூடி வைத்து. இரண்டரை கிராம் என்பது உடைந்த இலையில் ஒரு தேக்கரண்டி. மூடுவது முக்கியம். ஆவியோடு போவதுதான் ஆரஞ்சு மணம்.

ருசி பார்த்து ஒப்பிட என்றால் கணக்கு வேறு. தேயிலை ருசி பார்க்க ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது. 100 மில்லிக்கு 2 கிராம், கொதிக்கும் நீர், ஆறு நிமிடம், வெள்ளைப் பீங்கான் கோப்பை. அப்படிப் போட்டால் டீ கடுமையாக வரும். மகிழ்ந்து குடிக்க அது ஆகாது. ஆனால் இலையில் உள்ள குறையை ஒளித்துவைக்க அந்தக் கடுமை இடம் தராது. இரண்டு கலவையில் எதை வாங்குவது என்று தடுமாறும்போது நான் இந்த முறைக்குத்தான் போவேன்.

உங்க கடையில குடிச்ச ருசி சென்னையில வரலையே?

உங்கள் கை தவறல்ல. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றினால் துவர்ப்பும் கிராம்பும் வேகமாக இறங்கிவிடும். கொதித்த பிறகு ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள், அல்லது நான்கு நிமிடத்தை மூன்றரையாக்குங்கள்.

அடுத்தது தண்ணீர். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால் அது தேயிலைக்குத் துவர்ப்பு தரும் பாலிஃபினால்களோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய ஆடையாகப் படியும். டீ மங்கிப்போகும், மணமும் அமுங்கும். வடிகட்டிய நீரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வித்தியாசம் முதலில் கண்ணுக்கே தெரியும்.

ருசி பார்க்கறதுன்னா என்னங்க? குடிச்சாலே தெரியாதா?

தெரியும், ஆனால் ஒரே குவியலாகத் தெரியும். பழமும் மசாலாவும் இலையும் கலந்த டீயில் எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ருசி பார்ப்பது. அதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் காய்ந்த கலவையை உள்ளங்கையில் கொட்டி, வாயால் ஒரு சூடான மூச்சு ஊதி, உடனே முகர்வேன். அந்த ஈரத்தில் மணம் எழும்பும். ஆரஞ்சும் ஏலக்காயும் இங்கேயே வந்துவிடும். அடுத்து ஊறிய சக்கையை முகர வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் தேயிலையின் உண்மையான குணம் சக்கையில்தான் இருக்கிறது. நல்ல இலை ஊறியபின் செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்கும், வேகவைத்த கீரை போலவோ புகை போலவோ வாடை வீசாது. மேலே தெளித்த மணமூட்டி மட்டும் இருந்தால் சக்கையில் அதன் வாசம் அடிக்கும், தேயிலையின் வாசம் இருக்காது.

பிறகுதான் சாறு. ஒரு கரண்டி எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும். நாலு பேர் நடுவில் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. காற்றோடு சேர்ந்து உள்ளே போகும்போது சாறு துளிகளாகச் சிதறி அண்ணத்தின் பின்பக்கம் வழியாக மூக்குக்கு ஏறும். தேயிலை ஏல வியாபாரத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைப் பார்ப்பவர்கள் இப்படித்தான் உறிஞ்சித் துப்புகிறார்கள். சுடச்சுட வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை அடிக்கடி குடிப்பது உணவுக்குழாய்க்கு நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் எச்சரித்தது. நாக்கு பொசுங்கினால் ருசியும் தெரியாது.

கடைசியாக மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். ஆரஞ்சும் ஏலமும் மறைந்துவிடும். மிஞ்சுவது கசப்பு, துவர்ப்பு, கொஞ்சம் காரம். மூக்கை விட்டதும் மணம் திரும்பி வரும். எது நாக்குக்கு உரியது, எது மூக்குக்கு உரியது என்று ஒருமுறை இப்படித் தெரிந்துகொண்டவருக்கு அது மறக்காது.

பாக்கெட்டைத் திறந்தா ஆரஞ்சு கமகமன்னு வருது, குடிச்சா ஒண்ணுமே இல்லையே?

ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபத்தோடு வருவார்கள். எப்போதும் ஏமாற்று அல்ல. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் மிகப் பெரும்பகுதி லிமோனீன். அது தண்ணீரில் கரையாது, சூட்டில் சட்டென ஆவியாகும். அதனால் மூடாமல் வைத்த கோப்பையிலிருந்து அது சீக்கிரமே போய்விடும். மூடச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது காரணம் நம் மனசு. ஆரஞ்சு வாசம் வந்ததும் நாக்கு இனிப்பையும் புளிப்பையும் எதிர்பார்க்கிறது. சுளையில் இருப்பது அந்த இரண்டும்தான். டீயில் விழுந்திருப்பதோ தோல். தோலில் மணம் உண்டு, லேசான கசப்பு உண்டு, இனிப்பும் புளிப்பும் இல்லை. அதனால் 'ஒண்ணுமே இல்லை' என்று தோன்றுகிறது. ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுக் குடித்துப் பாருங்கள், காணாமல்போன ஆரஞ்சு திரும்பி வந்து நிற்கும்.

மூன்றாவதாக, உலர்ந்த ஆப்பிள் துண்டு, திராட்சை, வண்ண இதழ்கள் நிறையப் போட்ட கலவைகள். பார்க்க அழகாக இருக்கும். நான்கு நிமிட ஊறலில் அவை பெரிதாக எதையும் தருவதில்லை. எடையில் மட்டும் சேர்ந்துவிடும்.

தேத்தண்ணிக்குள்ள இவ்வளவத்தையும் போட்டா தேயிலை வாசம் போயிடாதோ?

டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கேட்டது. வெறுந்தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் வருவது நியாயம்தான். அளவு மீறினால் நிச்சயம் போய்விடும். மலிவான இலையை மறைக்கத்தான் சிலர் மசாலாவை அள்ளிப் போடுகிறார்கள் என்பதும் உண்மை.

அளவோடு போட்டால் நடப்பது வேறு. முதல் வாயில் ஆரஞ்சு, விழுங்கும்போது பட்டை, விழுங்கிய பிறகு தொண்டையில் தேயிலை. இந்த வரிசை வந்தால் கலவை சரி. விழுங்கிய பிறகும் பட்டைதான் இருக்கிறது, தேயிலையைக் காணோம் என்றால் அந்த டீயை நான் விற்க மாட்டேன். அந்த அம்மா இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

எனக்குக் கிராம்பு மட்டும்தான் தெரியுது, நாக்கே மரத்துப் போச்சு

பல்வலிக்குக் கிராம்பு கடிப்பது ஏன் என்று நினைத்துப் பாருங்கள். கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனால், அதற்கு மரக்க வைக்கும் குணம் உண்டு. கலவையில் நூற்றுக்கு ஒன்றரை பங்குக்கு மேல் போனால் மற்றதெல்லாம் அமுங்கிவிடும். நல்ல கிராம்பு என்றால் இன்னும் குறைவே போதும். கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும், அதைப் பாதியாகக் குறைத்துத்தான் போடுகிறேன்.

உங்கள் பாக்கெட் புதிதில் சரியாக இருந்து, இப்போதுதான் இப்படி ஆகிவிட்டதா? கிராம்பு கனமானது, பையின் அடியில் இறங்கிவிடும். கடைசி நாலு கோப்பையில் கிராம்பு மட்டும் நிற்பது அதனால்தான். ஒவ்வொரு முறையும் டப்பாவைச் சாய்த்துக் கலக்கிவிட்டு எடுங்கள். மணங்களில் முதலில் மறைவது ஆரஞ்சு, கடைசிவரை நிற்பது கிராம்பு என்பதும் ஒரு காரணம்.

துவர்ப்பா இருக்கு. கெட்டுப்போன டீயா?

இல்லை. துவர்ப்பில்லாத பிளாக் டீ எனக்குச் சப்பென்று இருக்கும். நம்மிடம் சுவை ஆறு: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு. இன்றைய உடலியல், துவர்ப்பையும் காரத்தையும் சுவைப் பட்டியலில் வைப்பதில்லை. துவர்ப்பு என்பது எச்சிலில் உள்ள புரதங்கள் பாலிஃபினாலோடு சேர்ந்து திரிவதால் வாய் வறண்டு இழுப்பது போன்ற ஒரு தொடு உணர்வு, காரம் எரிவின் உணர்வு என்று பிரிக்கிறது. ஆனால் இந்த டீயை விவரிக்க நம் பட்டியல்தான் எனக்கு உதவுகிறது. தேயிலையின் துவர்ப்பு, தோலின் கசப்பு, பட்டையின் கார்ப்பு. வாடிக்கையாளர் இந்த மூன்று சொல்லைச் சொன்னாலே எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று எனக்குப் புரிந்துவிடும்.

நல்ல துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று வந்து, எச்சில் ஊறி, பத்து விநாடியில் விலகும். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தது போல் வாயோடு ஒட்டிக்கொண்டால் அதிக நேரம் ஊறிவிட்டது, அல்லது இலை முற்றியது. கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கசப்பு நாக்கில் நிற்கும், துவர்ப்பு கன்னத்தின் உட்புறத்தையும் இழுக்கும்.

பால் ஊத்தலாமா?

கலவையைப் பொறுத்தது. தோலும் மசாலாவும் மட்டும் என்றால் ஊற்றலாம், திரியாது. செம்பருத்தி இதழோ புளிப்புப் பழத் துண்டோ இருந்தால் கவனம்: புளிப்பு ஏறினால் பால் திரிந்துவிடும்.

ஊற்றலாம் என்றாலும் என் சிபாரிசு வேண்டாம் என்பதுதான். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும், கொழுப்பு ஆரஞ்சு மணத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். மிஞ்சுவது பட்டை வாசம் அடிக்கும் பால். பால் வேண்டும் என்றால் மேலே சொன்ன மசாலா டீ போடுங்கள், அது பாலுக்கென்றே பிறந்தது.

எலுமிச்சை பிழிஞ்சதும் நிறம் வெளுத்துப்போச்சே, கலர் சேர்த்திருக்கீங்களா?

கலர் இல்லை. பிளாக் டீக்கு நிறம் தரும் தியாரூபிஜின்கள் புளிப்பு ஏறினால் வெளிறும். எந்தக் கலப்பும் இல்லாத தேயிலையில் பிழிந்தாலும் இதேதான் நடக்கும். ஆரஞ்சுத் தோல் இருக்கும் டீக்கு எலுமிச்சை தேவையும் இல்லை.

இனிப்புக்கு என்ன போடறது? வெல்லமா, தேனா, சர்க்கரையா?

வெள்ளைச் சர்க்கரைக்கு வாசம் இல்லை, அதனால் ருசி பார்க்கும்போது அதுவே நல்லது. தேனுக்கும் வெல்லத்துக்கும் சொந்த மணம் உண்டு. கருப்பட்டி பட்டையோடு அருமையாகச் சேரும், ஆனால் ஆரஞ்சை முழுங்கிவிடும். பனங்கற்கண்டு நடுவில் நிற்கிறது, குளிர்காலத்தில் என் கை அதற்குத்தான் போகும்.

யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இனிப்பில்லாத தேத்தண்ணியைக் குடிப்பார்கள். இந்த டீக்கு அந்த முறை மிகவும் பொருந்தும். இனிப்பு வாயில் இருக்கும், டீ கலங்காது, ஒவ்வொரு வாய்க்கும் வேண்டிய அளவை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

பட்டைன்னா எந்தப் பட்டை? ஒரு பட்டை ஈரலுக்குக் கெடுதல்னு சொல்றாங்களே?

கடையில் இரண்டு விதம் கிடைக்கும். இலங்கையின் கறுவாப்பட்டை காகிதம் போல் மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டு, சுருட்டு மாதிரி இருக்கும், கையால் நொறுங்கும். மணம் மென்மை, கொஞ்சம் பூ வாசம். நம் மளிகைக் கடைகளில் அதிகம் கிடைக்கும் காசியா தடித்த ஒற்றைத் தோல், கடினம், காரம் அதிகம். பிரியாணிக்குக் காசியா, இந்த டீக்குக் கறுவா என்பது என் கட்சி.

பயம் கூமரின் என்ற பொருளைப் பற்றியது. காசியாவில் அது கணிசமாக உண்டு, கறுவாவில் மிகச் சொற்பம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை என்று எல்லை வைத்திருக்கிறது. ஒரு கோப்பையில் விழும் பட்டை கால் கிராம்கூட இல்லை, அதுவும் ஊறி இறங்குவது ஒரு பகுதிதான். தினமும் காசியாப் பொடியைத் தேக்கரண்டிக் கணக்கில் சாப்பிடுபவர்கள்தான் யோசிக்க வேண்டும். ஈரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

லேபிள்ல 'இயற்கை மணமூட்டி'ன்னு போட்டிருக்கு. அப்படின்னா நிஜ ஆரஞ்சுதானே?

அவசியமில்லை. மணமூட்டிகளை இயற்கையானவை, இயற்கையை ஒத்தவை, செயற்கையானவை என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். இயற்கை என்றால் தாவரம் போன்ற இயற்கை மூலத்திலிருந்து எடுத்தது, அது ஆரஞ்சாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 'இயற்கையை ஒத்த' என்றால் அதே மூலக்கூறை ஆலையில் செய்தது. மணமூட்டி சேர்ப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. காய்ந்த தோல் மட்டும் தரும் ஆரஞ்சு எப்போதும் அடக்கமாகத்தான் இருக்கும், சிலருக்கு அது போதாது.

பொருள் பட்டியல் அளவு அதிகமானதிலிருந்து குறைந்தது நோக்கி வரிசைப்படும். தேயிலை முதலில் இருக்கிறதா, தோல் அதன் பிறகாவது வருகிறதா என்று பாருங்கள். தோலே இல்லாமல் மணமூட்டி மட்டும் இருந்தால் முதல் வாயில் பெரிய ஆரவாரமும் மூன்றாவது வாயில் மிட்டாய் வாசமும் வரும். சக்கையை முகரச் சொன்னேனே, அங்கேயும் பிடிபடும்.

வீட்டுல நானே கலந்துக்கலாமா? அளவு சொல்லுங்க

தாராளமாக. என் அளவு: ஆர்த்தடாக்ஸ் பி.ஓ.பி. இலை 100 கிராம், காய்ந்த ஆரஞ்சுத் தோல் 12 கிராம், உடைத்த கறுவாப்பட்டை 6 கிராம், கிராம்பு ஒன்றரை கிராம், தட்டிய ஏலக்காய் 2 கிராம். கிராம்பை எண்ணிப் போடுவதானால் பதினைந்து, இருபது. போடிநாயக்கனூர் பச்சை ஏலம் கிடைத்தால் இரண்டு கிராமே தூக்கலாக இருக்கும்.

தோல் காயவைப்பதில்தான் பலருக்குத் தவறு நடக்கிறது. தோல் தளர்வான நாக்பூர் ஆரஞ்சோ, கமலா ஆரஞ்சோ எடுங்கள். உரிப்பதற்கு முன் பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். உட்புறத்து வெள்ளைச் சதையைக் கரண்டியால் சுரண்டிவிடுங்கள், கசப்பு அங்கேதான் இருக்கிறது. சின்னதாக நறுக்கி நிழலில் பரப்புங்கள். வளைத்தால் வளையாமல் முறியும் வரை காய வேண்டும். ஈரம் கொஞ்சம் மிஞ்சினாலும் மொத்தக் கலவையும் பூஞ்சை பிடிக்கும். முதல் வருடம் எனக்கு இரண்டு கிலோ அப்படிப் போனது.

கலந்த அன்றே ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூடிய தகர டப்பாவில் ஒரு வாரம் விடுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் மணத்தை இழுத்துக்கொள்ளும், அதற்கு நாள் வேண்டும். அந்தக் குணமே ஆபத்தும்கூட: பெருங்காயமோ சாம்பார்ப் பொடியோ இருந்த டப்பாவை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்க வேண்டாம்.

எத்தனை நாள் வைக்கலாம்?

வெளிச்சமும் ஈரமும் படாமல் ஆறு மாதம். அதன் பிறகு கெட்டுப்போகாது, கிராம்பைப் பற்றிச் சொன்ன இடத்தில் எழுதியபடி ஆரஞ்சு மெலிந்து கிராம்பு ஓங்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். எடுத்துத் திறக்கும்போது ஈரம் கோத்துக்கொள்ளும்.

அதே சக்கையில ரெண்டாவது தடவை தண்ணி ஊத்தலாமா?

ஊற்றலாம், ஆறு நிமிடம் விடுங்கள். இரண்டாவது ஊறலில் தேயிலை பாதியாகிவிடும், பட்டை முன்னே வரும். ராத்திரி நேரத்துக்கு எனக்கு அது பிடிக்கும். சக்கையை மணிக்கணக்கில் ஈரமாக வைத்துவிட்டு ஊற்ற வேண்டாம்.

சளி பிடிச்சிருக்கு. இதைக் குடிச்சா சரியாகுமா?

சூடான எதுவும் தொண்டைக்கு இதமாக இருக்கும், இதுவும் அப்படியே. மருந்து என்று சொல்லி நான் விற்பதில்லை. ருசி பார்ப்பதற்கு மட்டும் சளி நாள் ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னேனே, சளி பிடித்தவருக்கு நாள் முழுக்க அதே நிலைதான். அன்று குடித்துவிட்டு 'வெறும் கசப்பு' என்று ஒரு நல்ல கலவையை ஒதுக்கிவிடாதீர்கள்.

மாசமா இருக்கற பொண்ணு குடிக்கலாமா?

ஒரு கோப்பையில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் அளவு. காபியும் குடிப்பவர் என்றால் இரண்டையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். தேயிலை இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடட்டும். மற்றதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

ரெண்டு கம்பெனி பாக்கெட் வாங்கி வச்சிருக்கேன். எது நல்லதுன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கறது?

இரண்டையும் ஒரே மாதிரிக் கோப்பையில், மேலே சொன்ன 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடக் கணக்கில் போடுங்கள். எது எந்தக் கோப்பை என்று தெரியாதபடி வீட்டில் யாரையாவது மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பாக்கெட்டின் படமும் விலையும் நம் நாக்கை நிறையவே ஏமாற்றும். சூடாக இருக்கும்போது ஒரு வாய் உறிஞ்சி, தோன்றியதை எழுதி வையுங்கள். அப்போது உங்களுக்குப் பிடிப்பது பெரும்பாலும் மணம் அதிகமுள்ளதாகத்தான் இருக்கும். முடிவு செய்யாதீர்கள்.

அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். முழுக்க ஆறட்டும். ஆறிய டீயில் ஆவி இல்லை, ஆரஞ்சின் ஆரவாரம் அடங்கியிருக்கும், சூடு மறைத்துவைத்த கசப்பெல்லாம் வெளியே வந்திருக்கும். நிறத்தையும் பாருங்கள். தேயிலையின் காஃபீனும் பாலிஃபினாலும் ஆறும்போது கட்டிக்கொண்டு சில டீ கலங்கும், அது குறையல்ல. நீலகிரி இலை பொதுவாகத் தெளிவாகவே நிற்கும். இப்போது இன்னொரு வாய். ஒரு கோப்பையில் மருந்துக் கடை வாசமும் வெறும் கசப்பும் மிஞ்சியிருக்கும். இன்னொன்றில் லேசான தோல் கசப்போடு, துவர்ப்போடு, தேயிலை அப்படியே இருக்கும். அந்தப் பாக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். அது என் கடையில் வாங்கியதாக இல்லாவிட்டாலும் சரி, எந்தத் தோட்டத்து இலை என்று மட்டும் எனக்கு வந்து சொல்லுங்கள்.